பக்லத்துல் ஹம்கா: பருப்புக்கீரையின் வேதியியலும் மருத்துவமும்

பாலைவெளியில் ஒரே வகை உணவை உண்டு சலித்த இஸ்ரவேலர், பூமி விளைவிக்கும் பொருள்களைத் தமக்காக இறைவனிடம் கேட்கும்படி மூஸா நபியை (அலை) வேண்டிய செய்தியைத் திருக்குர்ஆன் (2:61) கூறுகிறது. அவர்கள் கேட்ட பட்டியலில் முதலில் நிற்பது ‘பக்ல்’ என்னும் சொல். வெள்ளரியும் பருப்பும் வெங்காயமும் அதற்குப் பின்னரே வருகின்றன. மனிதர் விரும்பி உண்ணும் பசுங்கீரைகளையே இச்சொல் குறிக்கிறது என்று விரிவுரையாளர் விளக்குவர். புதினா போன்ற கீரைகளை எடுத்துக்காட்டாகக் கூறியவர் இமாம் ஸமக்ஷரீ. இந்தப் ‘பக்ல்’ என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் கீரை ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் ஆராய இருக்கிறோம். அரபு மருத்துவ ஏடுகள் அதனைப் ‘பக்லத்துல் ஹம்கா’ என அழைக்கின்றன. ‘பேதைக் கீரை’ என்பது அதன் பொருள். நம் நாட்டுச் சந்தைகளில் பருப்புக்கீரை என்ற பெயரில் கட்டுக்கட்டாக விற்கப்படுவதும் இதுவே.

இக்கீரையைப் பற்றி இன்று இரு வேறு மனப்போக்குகள் நிலவுகின்றன. வயலில் தானாக முளைக்கும் இதனைக் களை என்று பிடுங்கி வரப்பில் எறிவோர் ஒரு சாரார். எழுபது நோய்களைத் தீர்க்கும் அருமருந்து இது எனக் கூறி, அதற்கு ஒரு நபிமொழியையும் துணைக்கு அழைத்து, விதைப்பொடியாகவும் சாறாகவும் பரிந்துரைப்போர் மற்றொரு சாரார். முதலாமவர் ஒரு நல்லுணவை இழக்கின்றனர். இரண்டாமவரின் பேச்சை நம்பி உரிய மருத்துவத்தைக் கைவிடும் நோயாளியோ உடல்நலத்தையே இழக்க நேரலாம். எனவே நம் முன்னோரான ஹகீம்கள் இதைப் பற்றி எழுதியது யாது, இன்றைய வேதியியல் கண்டறிந்தது யாது, இவ்விரண்டும் ஒன்றுபடும் இடமும் வேறுபடும் இடமும் எவை என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பது பயனுடையதாகும்.

பெயரும் உருவும்

1753-ல் லின்னேயஸ் இச்செடிக்கு ‘போர்ட்டுலாகா ஒலரேசியா’ என்னும் தாவரவியல் பெயரைச் சூட்டினார். பாரசீகத்தில் இது ‘குர்ஃபா’, உருதுவில் ‘குல்ஃபா’. அரபியில் ‘ரிஜ்லா’, ‘ஃபர்ஃபஹ்’ என்ற பெயர்களும் வழங்குகின்றன. தமிழில் பருப்புக்கீரை என்பதோடு கோழிக்கீரை என்ற பெயரும் உண்டு.

தரையோடு படர்ந்து வளரும் ஓராண்டுச் செடி இது. சாறு நிறைந்த செந்நிறத் தண்டு, தடித்து வழுவழுப்பான சிறிய இலைகள், வெயில் ஏறும்போது விரிந்து சில மணி நேரத்தில் வாடிவிடும் மஞ்சள் மலர்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். காய் முற்றியதும் அதன் மேற்பகுதி ஒரு சிமிழின் மூடிபோலக் கழன்று விழும். உள்ளே கருநிற விதைகள் கடுகினும் சிறியனவாக நிறைந்திருக்கும். இலையின் பச்சை, தண்டின் சிவப்பு, மலரின் மஞ்சள், வேரின் வெண்மை, விதையின் கருமை ஆகிய ஐந்து நிறங்களையும் ஒருங்கே கொண்டிருப்பதால் சீனர் இதனை ஐம்பூத மூலிகை என்றும் அழைப்பதுண்டு.

அரபியர் இதற்குப் பேதைப் பட்டம் சூட்டியதன் காரணம் சுவையானது. வெள்ளம் பாயும் ஓடைத் தடங்களிலும் மனிதர் நடக்கும் வழிகளிலும் இது முளைக்கிறது. வெள்ளம் வந்தால் அடித்துச் செல்லப்படுகிறது. ஆள் வந்தால் மிதிபடுகிறது. தன் நலம் அறியாமல் இடம் தேர்ந்த செடி என்று கருதி, ‘ரிஜ்லாவினும் பேதையானவன்’ என்னும் பழமொழியையே அவர்கள் உருவாக்கினர். ஆனால் பிடுங்கி எறியப்பட்ட தண்டும் ஈரம் பட்டால் மீண்டும் வேர்விடும். மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் செடிகளுள் ஒன்றாக இது விளங்குவதற்கு இவ்வாற்றலே காரணம்.

ஹகீம்களின் ஏடுகளில்

கிரேக்க மருத்துவரான தியோஸ்கோரிதீஸ் இதனை ‘அந்த்ரக்னே’ என்ற பெயரில் விவரித்துள்ளார். அவருடைய நூலும் காலன் எழுதிய நூல்களும் பக்தாதில் அரபியாக்கம் பெற்றபோது இக்கீரையின் குணநூலும் இஸ்லாமிய மருத்துவத்தினுள் நுழைந்தது. இப்னு சீனா (980–1037) தம் ‘அல்-கானூன்’ என்னும் பெருநூலின் இரண்டாம் பகுதியைத் தனி மருந்துகளுக்கென ஒதுக்கினார். பக்லத்துல் ஹம்காவுக்கு அங்கே தனித்த இடம் உண்டு. அதன் இயல்பு மூன்றாம் படியில் குளிர்ச்சி, இரண்டாம் படியின் இறுதியில் ஈரம் என அவர் வரையறுக்கிறார்.

இக்கணக்கு முறையை இன்றைய வாசகருக்குச் சிறிது விளக்க வேண்டும். வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய நான்கு குணங்களை ஒவ்வொன்றும் நான்கு படிகளாகப் பகுத்தனர் அக்கால மருத்துவர். முதற்படி உடலில் அரிதாகவே உணரப்படும். நான்காம் படி உயிருக்கே இடர் விளைக்கும். அபின் நான்காம் படிக் குளிர்ச்சி உடையதாகக் கருதப்பட்டது. அவ்வகையில் மூன்றாம் படி என்பது ‘ஆற்றல் மிக்கது, அளவறிந்து கையாள்க’ என்னும் எச்சரிக்கையும் ஆகும். நாள்தோறும் உண்ணும் ஒரு கீரைக்கு இத்தகைய உயர்ந்த படியை அவர்கள் வழங்கியது கவனிக்கத்தக்கது.

இக்குளிர்ச்சியின் அடிப்படையிலேயே இதன் பயன்கள் கூறப்பட்டன. கடுங்காய்ச்சல், தணியாத தாகம், இரைப்பை எரிச்சல், குடற்புண், இரத்தப்போக்கு, வெப்பத்தால் எழும் தலைவலி ஆகியவற்றுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. புளிப்பால் கூசிய பற்களுக்கு இக்கீரையை மெல்லுவது தீர்வாகக் கூறப்பட்டது. மருக்கள் மீது இதனைத் தேய்த்தால் அவை உதிரும் என்று எழுதுமிடத்தில் இப்னு சீனா ஒரு நுட்பமான குறிப்பைச் சேர்க்கிறார். இவ்விளைவு குளிர்ச்சி முதலிய குணத்தால் நிகழ்வதன்று, இதன் ‘காஸிய்யத்’ என்னும் தனிப்பண்பால் நிகழ்வது என்கிறார் அவர். நான்கு குணங்களைக் கொண்டு விளக்கவியலாத விளைவொன்றைக் கண்டபோது, அதனைத் தம் கோட்பாட்டுக்குள் வலிந்து திணிக்காமல், ‘இது இப்பொருளுக்கே உரிய பண்பு’ என்று தனியே குறித்து வைத்த நேர்மை அது. அந்தக் காஸிய்யத் என்னும் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைப் பெயரிட்டுக் காட்டும் முயற்சியே பிற்காலத்து வேதியியல் என்று கூறினால் மிகையாகாது.

மாலகாவில் பிறந்து 1248-ல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட உணவு, மருந்துப் பொருள்களைத் தொகுத்த தம் பெருநூலில் இக்கீரைக்கும் இடமளித்து, தமக்கு முற்பட்டோரின் கூற்றுகளை அவரவர் பெயரோடு எடுத்தாண்டார். அம்மரபின் வழிவந்த யூனானி மருத்துவத்தில் ‘துக்மே குர்ஃபா’ எனப்படும் இதன் விதை இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு யுனானி மருத்துவக் கல்லூரியில் பயிற்றுவிக்கப்படும் மருத்துவம் இம்மரபின் தொடர்ச்சியே. சீன மருத்துவமோ வேறொரு வழியில் வந்து, இச்செடியை வயிற்றுக்கடுப்புக்கு உரிய மருந்தாக ஏற்றது. சீன நாட்டு அரசின் மருந்துத் தொகுப்பு நூலில் இன்றும் இது இடம்பெற்றுள்ளது.

இலையினுள் இருப்பவை

புதிதாகப் பறித்த இக்கீரையின் எடையில் ஏறத்தாழ 93 விழுக்காடு தண்ணீர். 100 கிராம் கீரையில் சுமார் 490 மில்லிகிராம் பொட்டாசியம், 68 மில்லிகிராம் மக்னீசியம், 65 மில்லிகிராம் கால்சியம், 2 மில்லிகிராம் இரும்பு ஆகியவை உள்ளன. அது தரும் ஆற்றலோ 20 கலோரி அளவே. இவை பிற கீரைகளிலும் ஏறக்குறையக் காணப்படுபவை. இக்கீரையைத் தனித்து நிறுத்துவன வேறு சில.

முதலாவது, ஒமேகா-3 கொழுப்பு அமிலம். இதயத்துக்கும் நரம்பு மண்டலத்துக்கும் இன்றியமையாத இக்கொழுப்பு வகை மீன்களிலேயே மிகுதி என்பதைப் பலரும் அறிவர். கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஆர்ட்டெமிஸ் சிமோபூலஸ், பருப்புக்கீரை இவ்வகைக் கொழுப்பின் தரைவழி மூலம் என்று 1986-ல் தம் உடனாய்வாளருடன் அறிவித்தார். 1992-ல் வெளியான அடுத்த ஆய்வின்படி 100 கிராம் புதிய இலையில் 300 முதல் 400 மில்லிகிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் உள்ளது. கீரை வகைகளில் இது மிக உயர்ந்த அளவாகும்.

கோழிக்கீரை என்று தமிழர் இட்ட பெயருக்குப் பொருத்தமாக அமைந்தது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. கிரேக்க நாட்டுப்புறத்தில் திறந்தவெளியில் மேய்ந்து பருப்புக்கீரை முதலியவற்றைக் கொத்தித் தின்ற கோழிகளின் முட்டைகளை அவர் ஆராய்ந்தார். அம்முட்டைகளில் ஒமேகா-6, ஒமேகா-3 ஆகியவற்றின் விகிதம் 1.3 என்ற அளவில் இருந்தது. அமெரிக்கக் கடைகளில் விற்ற முட்டைகளில் அதே விகிதம் 19.4 ஆக இருந்தது. 1989-ல் வெளியான இம்முடிவு, கோழி தின்பது முட்டையில் தெரியும் என்பதற்குச் சான்றாயிற்று.

எனினும் இங்கே ஒரு வரம்பு உண்டு. கீரையில் உள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தை மீன் எண்ணெயில் உள்ள நீண்ட தொடர் ஒமேகா-3 அமிலங்களாக மனித உடல் சிறிதளவே மாற்றிக்கொள்கிறது. ஆகையால் மத்தி மீனுக்கு ஈடாக இக்கீரையைக் கொள்ள இயலாது. ஆனால் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1.1 கிராம், ஆணுக்கு 1.6 கிராம் என அமெரிக்க வல்லுநர் வகுத்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலத் தேவையில், 100 கிராம் கீரை பெண்ணுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேலாக ஈடுசெய்கிறது. மீன் உண்ணாதவர்க்கும், மீன் வாங்க வகையில்லாதவர்க்கும் இது சிறிய உதவியன்று.

இரண்டாவது, உயிர்வளியேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள். 1992 ஆய்வின்படி 100 கிராம் இலையில் 12.2 மில்லிகிராம் வைட்டமின் ஈ, 26.6 மில்லிகிராம் வைட்டமின் சி, 1.9 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், 14.8 மில்லிகிராம் குளுட்டாதயோன் ஆகியவை இருந்தன. வைட்டமின் ஈ, உடன் ஒப்பிடப்பட்ட ஸ்பினாச் கீரையில் உள்ளதைப் போல் ஏழு மடங்கு. கொழுப்பு அமிலம் காற்றுப்பட்டால் கெடும் இயல்புடையது. அதனைக் காக்கும் வைட்டமின் ஈயும் அதே இலையில் மிகுந்திருப்பது படைப்பின் ஒழுங்கை எண்ணச் செய்கிறது. இவற்றோடு மெலட்டோனின் என்னும் பொருளும் இக்கீரையில் இருப்பது 2005-ல் பதிவாயிற்று.

மூன்றாவது, நிறமிகள். பெரும்பாலான செடிகளில் சிவப்பு நிறத்தைத் தருவது ஆந்தோசயனின். பருப்புக்கீரையின் தண்டுக்குச் சிவப்பும் மலருக்கு மஞ்சளும் தருவது பீட்டாலெய்ன் என்னும் வேறு வகை நிறமி. பீட்ரூட் கிழங்கின் சிவப்பும் இதுவே. இந்நிறமிகளோடு உறவுடைய ‘ஒலரேசின்’ என்னும் ஆல்கலாய்டுகள் இச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அவற்றின் உயிர்வளியேற்றத் தடுப்பாற்றல் ஆய்வுக்கூடங்களில் அறியப்பட்டுள்ளது.

நான்காவது, நோரட்ரினலின், டோபமைன், டோபா ஆகியவை. மனித நரம்புகளில் செய்தி கடத்தும் இப்பொருள்கள் ஒரு கீரையில் இருப்பது வியப்பூட்டுவதே. புதிய செடியின் எடையில் 0.25 விழுக்காடு நோரட்ரினலின் உள்ளது என 1961-ல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் வாய்வழியே உட்கொள்ளப்படும் நோரட்ரினலின் குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடுவதால், கறியாக உண்போர்க்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை.

ஐந்தாவது, வழுவழுப்பைத் தரும் பசைப்பொருள். இது பல சர்க்கரை மூலக்கூறுகள் இணைந்த நெடுந்தொடர். இரைப்பை எரிச்சலுக்கும் குடற்புண்ணுக்கும் ஹகீம்கள் இதனை வழங்கியதற்கு இப்பசையின் படலமிடும் இயல்பு பொருத்தமான விளக்கமாக அமைகிறது. ‘குளிர்ச்சி’ என்று அவர்கள் கூறியதன் ஒரு கூறு இதுவாக இருக்கலாம்.

வெயிலை வெல்லும் விந்தை

இக்கீரையை விடியலில் பறித்தால் புளிப்பு மிகுந்தும் மாலையில் பறித்தால் புளிப்பு குறைந்தும் இருப்பதுண்டு. நீர் குன்றிய காலத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். இதன் காரணம் இச்செடி வறட்சியைத் தாங்கும் முறையில் அடங்கியுள்ளது.

சோளம், கரும்பு போன்றவை கடும் வெயிலிலும் விரைந்து வளர்வதற்குச் ‘சி4’ எனப்படும் ஒளிச்சேர்க்கை முறை துணை செய்கிறது. கள்ளி போன்ற வறண்டநிலச் செடிகளின் முறை வேறு. அவை பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காத்து, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அதனை மேலிக் அமிலமாகச் சேமித்துப் பகலில் செலவிடுகின்றன. ஆப்பிளின் புளிப்பும் மேலிக் அமிலமே. பருப்புக்கீரை நீர் உள்ளபோது சோளத்தின் முறையில் வளர்கிறது. நீர் குன்றும்போது கள்ளியின் முறையையும் மேற்கொள்கிறது. இவ்விரு முறைகளும் தனித்தனியே இயங்கும் என்றே முன்பு கருதப்பட்டது. இரண்டும் ஒரே உயிரணுக்களில் ஒன்றோடொன்று இணைந்து நடைபெறுகின்றன என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2022-ல் நிறுவினர். வறட்சியிலும் விளையும் பயிர்களை உருவாக்க முயல்வோர் இன்று இச்செடியைக் கூர்ந்து நோக்குவதற்கு இதுவே காரணம். இறந்த பூமியை உயிர்ப்பித்து அதிலிருந்து உணவை வெளிப்படுத்துவதை ஓர் அத்தாட்சியாகத் திருக்குர்ஆன் (36:33) சுட்டும்போது, மிதிபடும் ஒரு களைச்செடியின் இலையும் அந்த அத்தாட்சியில் அடங்கும் என்பதை நாம் உணர்கிறோம்.

நோயாளிகளிடம் கண்ட பயன்

ஒரு பொருளில் நல்ல மூலக்கூறுகள் உள்ளன என்பது வேறு. அது நோயைத் தீர்க்கிறது என்பது வேறு. இரண்டாவதை நோயாளிகளிடம் சோதித்தே அறிய முடியும். இக்கீரை தொடர்பாக அத்தகைய சோதனைகள் சில நடந்துள்ளன. அவற்றில் குறிப்பிடத்தக்கவை பல முஸ்லிம் நாடுகளின் பல்கலைக்கழகங்களில், யூனானி மரபின் குறிப்புகளைத் தொடக்கமாகக் கொண்டு மேற்கொள்ளப்பட்டவை.

ஈரானின் மஷ்ஹத் நகரில் 13 ஆஸ்துமா நோயாளிகளுக்கு இதன் கொதிநீர்ச் சாற்றை அளித்துச் செய்த சோதனை 2004-ல் வெளியாயிற்று. மூச்சுக்குழல் விரிந்தது, ஆனால் அவ்விளைவு நெடுநேரம் நிலைக்கவில்லை. தெஹ்ரானில் வாய்க்குள் தோன்றும் ‘லைக்கன் பிளேனஸ்’ என்னும் நாட்பட்ட புண் உடைய 37 பேரிடம் செய்த சோதனை 2010-ல் வெளியாயிற்று. கீரை மருந்தை உண்டவர்களில் 83 விழுக்காட்டினர்க்குப் புண் ஓரளவோ முழுமையாகவோ குணமாயிற்று. வெற்று மருந்து உண்டவர்களில் 17 விழுக்காட்டினர்க்கே ஓரளவு குணம் தெரிந்தது. வாய்ப்புண்ணுக்கு இக்கீரையை மெல்லச் சொன்ன பழைய வழக்கத்தோடு இம்முடிவு இயைகிறது. இரண்டாம் வகை நீரிழிவு உடைய 30 பேரிடம் விதைப்பொடியைக் கொண்டு செய்த சோதனை 2011-ல் வெளியாயிற்று. இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்ததாக அது கூறியது.

இவை நம்பிக்கை தருபவை. ஆனால் 13, 30, 37 என்னும் எண்களை மீண்டும் ஒருமுறை நோக்க வேண்டும். ஒரு மருந்தை ஐயமற ஏற்பதற்கு நூற்றுக்கணக்கானோரிடம், பல இடங்களில், நீண்ட காலம் சோதிக்க வேண்டும். இக்கீரையின் சோதனைகள் அந்நிலையை எட்டவில்லை. ஆகவே இது நீரிழிவு உடையோர்க்கு ஏற்ற நல்ல கறி என்று கூறலாம். மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் மாற்று என்று கூறலாகாது. அவ்வாறு நம்பி மருந்தை நிறுத்துவோரின் கண்ணும் சிறுநீரகமும் பழுதுபட்டால், அதற்கு அறிவுரை கூறியவரும் பொறுப்பாளர் ஆவார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் நேரும் கேட்டுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது நம் ஷரீஅத்தின் நெறி.

தீங்கும் திருத்தமும்

யூனானி ஏடுகள் ஒரு மருந்தின் நன்மைகளை மட்டும் எழுதி முடிப்பதில்லை. அதனால் நேரும் தீங்கை ‘முளிர்’ என்ற தலைப்பிலும், அத்தீங்கைத் திருத்தும் துணைப்பொருளை ‘முஸ்லிஹ்’ என்ற தலைப்பிலும் குறிப்பது அவற்றின் வழக்கம். பருப்புக்கீரைக்கு இன்றைய வேதியியல் கூறும் முளிர் ஆக்சலேட் ஆகும்.

பருப்புக்கீரையில் ஆக்சலேட் மிகுதி. நீரில் கரையும் ஆக்சலேட் குடலில் உறிஞ்சப்பட்டு, சிறுநீரில் கால்சியத்தோடு கூடிக் கல்லாகப் படிகிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இவ்வகையே. கறியாக அளவோடு உண்ணும் நலமான மனிதர்க்கு இதனால் இடரில்லை. ஆனால் பச்சைச் சாறாகப் பிழிந்து நாள்தோறும் பெருமளவில் பருகியதால் சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்ட நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் மருத்துவ ஏடுகளில் வெளிவந்துள்ளன. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இக்கீரையைச் சாறாகப் பருகுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். சிறுநீரகம் நலிந்தவர்கள் ஆக்சலேட்டோடு பொட்டாசியத்தையும் கருதி, மருத்துவரின் சொல் கேட்டே உண்ண வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்வோர், பிற கீரைகளைப் போலவே இதிலும் உள்ள வைட்டமின் கே காரணமாக, உண்ணும் அளவைத் திடீரென ஏற்றவோ இறக்கவோ கூடாது. கருவுற்ற பெண்கள் விதைப்பொடியை மருந்தாக உண்ணாதிருப்பதே நலம்.

இதன் முஸ்லிஹ் எங்கே உள்ளது? துருக்கியிலும் லெபனானிலும் மக்கள் இக்கீரையைத் தயிரோடு சேர்த்து உண்பர். தயிரின் கால்சியம் கீரையின் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிணைத்து, உறிஞ்சப்படாமல் வெளியேறச் செய்கிறது. நியூசிலாந்து ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இக்கீரையைத் தயிரோடு கலந்தபோது கரையும் ஆக்சலேட் பெருமளவு குறைந்தது கண்டறியப்பட்டது. கீரையை வேகவைத்து அந்நீரை வடித்துவிடுவதும் ஆக்சலேட்டைக் குறைக்கும். ஆனால் வைட்டமின் சியும் அதனோடு ஓரளவு போய்விடும். வேதியியல் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே சமையலறைகளில் இத்தகைய துணை சேர்க்கை நிலைபெற்றிருந்தது எண்ணத்தக்கது.

சிரியா, லெபனான் பகுதியின் ‘ஃபத்தூஷ்’ என்னும் பச்சைக் கலவையில் இக்கீரை மரபாகச் சேர்க்கப்படுகிறது. எகிப்தியர் இறைச்சியோடு சமைப்பர். நம்மவர் பாசிப்பருப்போடு கடைந்து உண்பர். இதன் தமிழ்ப்பெயர் பருப்போடு சேர்ந்தே வழங்குகிறது. பறிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதனோடு கலந்து தரையில் படரும் சிற்றம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் பால் வடியும். பருப்புக்கீரையில் பால் வடிவதில்லை. தெளிந்த சாறே வரும்.

எழுபது நோய் என்னும் கூற்று

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட நபிமொழிக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலில் இருந்த புண் இக்கீரையால் ஆறியதாகவும், எழுபது நோய்களுக்கு இது மருந்து என அவர்கள் வாழ்த்தியதாகவும் ஓர் அறிவிப்பு சில தொகுப்புகளில் காணப்படுகிறது. இதனை அறிவிக்கும் துவைர் என்பவர் நபித்தோழர் அல்லர். நபியவர்களுக்கும் அவருக்கும் இடையே தொடர் அறுந்துள்ளது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அவரைப் பலவீனமான அறிவிப்பாளர் என்றே வகைப்படுத்தியுள்ளனர். இத்தகைய ஒன்றை முன்வைத்து நோயாளியிடம் ‘இதை உண்டால் போதும்’ என்று கூறுவது, நபியின் பெயரால் அவர் கூறியதாக உறுதிப்படாத ஒன்றை வாக்குறுதியாக அளிப்பதாகும்.

இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டியாக அமைபவர் இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்). 1350-ல் மறைந்த அவ்வறிஞர் ‘ஸாதுல் மஆத்’ நூலில் நபிவழி மருத்துவத்தை விரிவாகத் தொகுத்தவர். ஹிந்தபா எனப்படும் காசினிக் கீரையைப் பற்றி எழுதுமிடத்தில், அதன் சிறப்புக் குறித்து வழங்கும் மூன்று அறிவிப்புகளும் இட்டுக்கட்டப்பட்டவை என்று முதலில் தெளிவாக அறிவித்துவிடுகிறார். அதன் பின்னர், மருத்துவர் கண்ட அக்கீரையின் பயன்களை எழுதிச் செல்கிறார். கத்தரிக்காய் போன்ற காய்களைப் புகழும் அறிவிப்புகளையும் அவர் வேறொரு நூலில் இவ்வாறே மறுத்துள்ளார். நபிமொழியின் உண்மையை அறிவிப்பாளர் தொடரால் அளந்தார். கீரையின் பயனை மருத்துவரின் அனுபவத்தால் அளந்தார். ஒன்றன் அளவுகோலை மற்றதற்குப் பயன்படுத்தவில்லை. பொய்யான அறிவிப்பு நீங்கியதால் கீரையின் நன்மை குறையவும் இல்லை.

ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான் என்பது புகாரீ தொகுப்பில் இடம்பெறும் உறுதியான நபிமொழியின் கருத்து. அந்நிவாரணம் எந்தச் செடியில், எந்த அளவில், எந்த நோய்க்கு உள்ளது என்பதைத் தேடிக் காணும் பணி மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இப்னு சீனா அப்பணியில் படிகளை வகுத்தார். இப்னுல் பைத்தார் கண்டோர் கூற்றுகளைத் தொகுத்தார். மஷ்ஹதிலும் தெஹ்ரானிலும் உள்ளோர் நோயாளிகளிடம் சோதித்தனர்.

இத்தனையும் கற்றபின் நாம் செய்யத்தக்கது எளியதே. வரப்பில் எறியப்படும் இக்கீரையை வாரம் ஒருமுறையோ இருமுறையோ பருப்போடும் தயிரோடும் நம் உணவுத் தட்டுக்குக் கொண்டுவரலாம். களைக்கொல்லி தெளித்த நிலத்திலிருந்தும் சாக்கடை ஓரத்திலிருந்தும் பறிப்பதைத் தவிர்த்து, வீட்டுத் தொட்டியில் ஒரு தண்டை நட்டாலே போதும். அது தானே படரும். நோயுற்றோர் மருத்துவரிடம் செல்வதை இக்கீரை தடுக்காதிருக்கட்டும். ‘எழுபது நோய்’ என்று எவரேனும் கூறினால், எந்நூலில் உள்ளது, யார் அறிவித்தார், எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது என்று பணிவோடு கேட்போம். அவ்வாறு கேட்கும் பழக்கமும் நம் முன்னோரிடமிருந்து நமக்கு வந்த செல்வமே.